சொந்த டிரக்கை கேரியரிடம் லீஸுக்கு விட்டு, டிரைவர் வைத்து லாபம் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், "ஒரு டிரக் வாங்கி விடுங்க, அது பாட்டுக்கு ஓடிக் காசு கொண்டுவரும்" என்று யோசனை சொல்ல ஆள் வந்துவிடுகிறார்கள். டிரக் ஓடும்தான். ஆனால் அது பாட்டுக்கு ஓடாது.

ஏற்பாடு இதுதான். டிராக்டர், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்பக்க வண்டி, உங்களுடையது. மாநிலம் விட்டு மாநிலம் பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றிச் செல்ல மத்திய அரசு தரும் அனுமதி எண் வேண்டும். அது கேரியரிடம், அதாவது சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திடம், இருக்கிறது. சரக்கு தரும் வாடிக்கையாளர்கள், பிறருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டும் லயபிலிட்டி காப்பீடு, பெரும்பாலும் டிரெய்லர் எல்லாம் கேரியருடையவை. வண்டியை ஓட்டுவது மூன்றாவது ஆள். அவருடைய சம்பளம் உங்கள் தலையில். கேரியர் வாராவாரம் உங்களுக்கு செட்டில்மென்ட், அதாவது கணக்கும் பணமும், அனுப்புவார். அதில் டீசல், சம்பளம், தவணை, ரிப்பேர் எல்லாம் போக மிஞ்சுவதுதான் உங்கள் பங்கு.

பெரும்பாலோர் முதலில் டிரக்கை வாங்குகிறார்கள், பிறகு கேரியரைத் தேடுகிறார்கள், கடைசியில் கைக்குக் கிடைத்த டிரைவரை ஏற்றிவிடுகிறார்கள். வண்டி நிற்கிறது, தவணை மட்டும் ஓடுகிறது என்ற பதற்றத்தில் எந்த ஒப்பந்தம் நீட்டப்பட்டாலும் கையெழுத்துப் போடுகிறார்கள். நட்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் கணக்கு, அப்புறம் கேரியர், அப்புறம் டிரைவர், டிரக் கடைசியில்.

படி 1: ஒரு வாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கீழே உள்ளவை உதாரண எண்கள். சந்தை ரேட்டும் டீசல் விலையும் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் எண்களை வைத்து இதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

வாரம் 2,400 மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 2,100 மைல் லோடு, 300 மைல் காலி. லோடு மைலுக்கு 2.10 டாலர் வாடகை என்றால் மொத்தம் 4,410 டாலர். டிரெய்லர் கேரியருடையது, உங்கள் பங்கு 70 சதவீதம்: 3,087 டாலர். டீசல் கேலன் 3.90 டாலர் விற்கும்போது லோடு மைலுக்கு 45 சென்ட் எரிபொருள் சர்சார்ஜ், அதாவது டீசல் விலைக்கு ஈடான கூடுதல் கட்டணம், வருகிறது, அது முழுக்க உங்களுக்கு: 945 டாலர். ஆக வரவு 4,032.

செலவுக்கு வருவோம். கேலனுக்கு 6.5 மைல் தரும் வண்டிக்கு டீசல் 1,440 டாலர். டிரைவருக்கு எல்லா மைலுக்கும் 60 சென்ட், அதுவும் 1,440. முதலாளி கட்ட வேண்டிய சம்பள வரியும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் சேர்த்து 230. வண்டித் தவணை வாரத்துக்கு 415. உங்கள் பங்குக் காப்பீடு, நம்பர் பிளேட், ஓட்டும் நேரத்தைப் பதியும் இ.எல்.டி. கருவி போன்ற பிடித்தங்கள் 175. ரிப்பேருக்கு மைலுக்கு 18 சென்ட் ஒதுக்கினால் 432. கூட்டினால் 4,132. நூறு டாலர் நட்டம்!

இந்த எண்கள் பயமுறுத்துவதற்காகப் பொறுக்கியவை அல்ல. அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனமான ஏ.டி.ஆர்.ஐ. 2023-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட சராசரி ஓட்டச் செலவே மைலுக்கு 2.27 டாலர். இந்தத் தொழிலில் லாபம் வாடகையில் இருந்து வருவதைவிட, விளிம்பில் இருக்கும் சில்லறைகளில் இருந்துதான் அதிகம் வருகிறது. மேலே சொன்ன அதே வண்டி 6.5-க்குப் பதில் 7.2 மைல் தந்தால் வாரம் 140 டாலர் மிச்சம். கேரியரின் எரிபொருள் அட்டையில் கேலனுக்கு 40 சென்ட் தள்ளுபடி கிடைத்தால் இன்னொரு 133. காலி மைல் கூடாமல் 300 லோடு மைல் கூடுதலாகக் கிடைத்தால், அந்த மைல்களின் செலவு போக ஏறக்குறைய 167. நூறு நட்டத்தில் இருந்த வண்டி வாரம் 340 டாலர் லாபத்துக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு 48 வாரம் ஓடினால் 16,000 சொச்சம். வண்டி நிற்கும் ஒவ்வொரு வாரமும் தவணையும் நிலையான பிடித்தங்களும் சேர்ந்து 590 டாலர் கையை விட்டுப் போகும்.

இதைப் பார்த்தபிறகும் செய்யத் தோன்றினால் மேலே படியுங்கள். வங்கி வைப்பு போலச் சும்மா கிடக்கும் வருமானம் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மைல் விஷயத்தில் இன்னொன்று. "வாரம் 3,500 மைல் நிச்சயம்" என்று எந்த ஆள்சேர்ப்பாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். மத்திய விதிப்படி சரக்கு டிரைவர் தொடர்ந்து 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேர வரம்புக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 8 நாளில் 70 மணி நேரப் பணிக்கு மேல் ஆனால் ஓட்டக் கூடாது. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். அந்த 70 மணி நேரமும் சக்கரத்துக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, சராசரி 50 மைல் வேகத்தில் போனால்தான் 3,500 வரும். லோடு ஏற்றும் நேரம், டீசல் போடும் நேரம், வண்டிப் பரிசோதனை எல்லாம் அதே 70-க்குள்தான்.

படி 2: கேரியரைத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி: "ஓனரே ஓட்டாத வண்டியை, சம்பள டிரைவரோடு லீஸுக்கு எடுப்பீர்களா?" பல கேரியர்கள் ஓட்டுநரே ஓனராக இருந்தால்தான் சேர்ப்பார்கள். இதற்குப் பதில் "இல்லை" என்றால் மற்ற கேள்விகளுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து, கூட்டாட்சி மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தின், அதாவது எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் 'சேஃபர்' தளத்தில் கேரியரின் டி.ஓ.டி. எண்ணை, அதாவது மத்தியப் பதிவு எண்ணை, போட்டுப் பாருங்கள். எத்தனை வண்டி, எத்தனை டிரைவர், பாதுகாப்பு மதிப்பீடு என்ன, சாலைப் பரிசோதனைகளில் எத்தனை சதவீதம் வண்டிகள் ஓட்டத் தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டன என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். அந்தச் சதவீதம் தேசிய சராசரியைவிடக் கூடுதலாக இருந்தால், அவர்கள் வண்டிகளை எடைமேடைகளில் அடிக்கடி ஓரம் கட்டுவார்கள். உங்கள் வண்டியும் அதே பெயரில்தான் ஓடப்போகிறது.

பிறகு, சதவீதமா மைலா? சதவீத ஒப்பந்தத்தில் சந்தை ஏறும்போது நீங்களும் ஏறுவீர்கள், இறங்கும்போது சேர்ந்து இறங்குவீர்கள். மைல் ரேட் நிலையானது, ஆனால் எந்த மைல் என்று கேட்க வேண்டும். சிலர் வண்டி உண்மையில் ஓடிய மைலுக்குத் தருவார்கள். சிலர் வரைபட மென்பொருள் காட்டும் நடைமுறைப் பாதைக்கு. சிலர் மிகக் குறுகிய பாதைக்கு. கடைசி வகையில், வண்டி ஓடிய மைலில் ஒரு பகுதிக்கு வாரந்தோறும் காசே வராது, ஆனால் டிரைவருக்கு நீங்கள் கொடுத்தாக வேண்டும். டிரைவர் வைத்து ஓட்டும் ஓனருக்கு, பில் வெளிப்படையாகக் காட்டப்படும் சதவீத ஒப்பந்தமே நல்லது என்பது என் கணிப்பு. காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன்.

சர்சார்ஜ் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். பலரும் எரிசக்தித் துறையின் வாராந்திர டீசல் விலையில் இருந்து 1.20 டாலர் போன்ற ஒரு அடிப்படை விலையைக் கழித்து, மீதியை 6-ஆல் வகுப்பார்கள். 3.90-இல் 1.20 போனால் 2.70, வகுத்தால் 45 சென்ட். இது வாடகையைப் போலப் பங்கு போடப்படுகிறதா, முழுக்க உங்களுக்கு வருகிறதா? மேலே உள்ள கணக்கில் சர்சார்ஜும் 70 சதவீதமாக வெட்டப்பட்டால் வாரம் 280 டாலருக்கு மேல் போய்விடும்.

கடைசியாக, அந்தக் கேரியரிடம் ஏற்கெனவே வண்டி விட்டிருக்கும் இரண்டு மூன்று ஓனர்களிடம் பேசுங்கள். கேரியரே கொடுக்கும் பெயர்களை விட, டிரக் ஸ்டாப்பில் அந்தக் கம்பெனி பெயர் ஒட்டிய வண்டிப் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்தால் உண்மை வரும்.

படி 3: லீஸ் ஒப்பந்தத்தைப் படிப்பது

இந்தப் படியில்தான் உங்களுக்குச் சட்டத்தின் துணை அதிகம். 1979-இல் அன்றைய மாநிலங்களிடை வணிக ஆணையம் கொண்டுவந்த 'லீஸில் உண்மை' விதிகள் இன்று மத்திய விதித்தொகுப்பின் 49-ஆம் தலைப்பில், 376-ஆம் பகுதியாக இருக்கின்றன. சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். லட்சம் டாலர் வண்டியை ஒப்படைப்பவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

விதிப்படி லீஸ் எழுத்தில், இரு தரப்புக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். லீஸ் காலத்தில் வண்டியின் மீதான முழு அனுபோகமும் கட்டுப்பாடும் பொறுப்பும் கேரியருடையவை. டீசல், காலி மைல், பெர்மிட், சுங்கம், காத்திருப்புக் கட்டணம், நம்பர் பிளேட், ஏற்றுகூலி இறக்குகூலி ஆகியவற்றில் எது யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். "வழக்கப்படி" என்று ஒரு வரி இருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

பணம்: டிரைவரின் பணிப்பதிவும், கேரியர் தன் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கத் தேவையான காகிதங்களும் கொடுத்த 15 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வர வேண்டும். வாடிக்கையாளர் இன்னும் தரவில்லை என்பது உங்களுக்குத் தாமதப்படுத்தக் காரணம் ஆகாது.

பில்: உங்கள் பங்கு சதவீதத்தில் என்றால், செட்டில்மென்டின்போதோ அதற்கு முன்போ, ரேட் போட்ட சரக்குப் பில்லின் நகலைக் கேரியர் உங்களுக்குத் தர வேண்டும். சதவீதம் நல்லது என்று சொன்னதற்கு இதுதான் காரணம். 70 சதவீதம் தருகிறேன் என்பவர், எதில் 70 என்று காட்டவும் கடமைப்பட்டவர். ஒரு கேரியர் இதற்குத் தயங்கினால், வேறு எதையும் பார்க்காமல் எழுந்து வந்துவிடலாம்.

பிடித்தங்கள்: முதலில் கேரியர் கட்டிவிட்டு உங்களிடம் பிடிக்கப்போகும் ஒவ்வொரு இனமும், அதைக் கணக்கிடும் முறையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். லீஸுக்கு நிபந்தனையாகக் கேரியரிடமே டயர், டீசல், காப்பீடு வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. சரக்குச் சேதத்துக்குப் பிடிப்பதானால், பிடிக்கும் முன்பே எழுத்தில் விவரம் தர வேண்டும்.

எஸ்க்ரோ: பல கேரியர்கள் சில ஆயிரம் டாலரை வாராவாரம் பிடித்து ஜாமீன் தொகையாக வைப்பார்கள். அதில் எந்தெந்தச் செலவை ஈடுகட்டலாம் என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறையாவது வட்டி தர வேண்டும், லீஸ் முடிந்த 45 நாளுக்குள் மீதியைத் திருப்ப வேண்டும்.

எடை அபராதம்: பலருக்குத் தெரியாத ஒரு வரி. டிரெய்லர் ஏற்கெனவே ஏற்றி, சீல் வைக்கப்பட்டு வந்தது, அல்லது கண்டெய்னர் சரக்கு, அதாவது எடை உங்கள் கையில் இல்லாத நிலை என்றால், கூடுதல் எடைக்கான அபராதம் கேரியருடையது. உங்கள் தரப்புத் தவறால் வந்தால்தான் உங்களுடையது. மொத்தம் 80,000 பவுண்டு, இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டு என்ற வரம்பை டிரைவருக்குத் தெரிய வைத்து, கனமான லோடு ஏற்றியதும் முதல் எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள்.

படி 4: கம்பெனி, காப்பீடு, வரி

பெரும்பாலோர் எல்.எல்.சி. எனும் வரம்புள்ள பொறுப்புக் கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் முதலாளி வரி எண் வாங்கி, வங்கிக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். சொந்தக் கணக்கோடு கலக்காமல் இருப்பது முக்கியம்.

காப்பீட்டில்தான் ஓட்டை விழும். பொதுச் சரக்கு ஏற்றும் கேரியருக்கு மத்திய விதி கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டி 7,50,000 டாலர். நடைமுறையில் வாடிக்கையாளர்கள் பத்து லட்சம் கேட்பார்கள். கேரியரின் பாலிசி, கேரியர் வேலையில் வண்டி இருக்கும்போதுதான். டிரைவர் லோடு இல்லாமல் சொந்த வேலையாக டிராக்டரை எடுத்துப் போய் இடித்தால்? அதற்குத்தான் வேலை-அல்லாத-நேர லயபிலிட்டி பாலிசி. உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு வாகனச் சேதப் பாலிசி தனி. வண்டி பணிமனையில் கிடக்கும் நாள்களுக்கு இழப்பீடு தரும் பிரிவு அதில் உண்டா என்று பாருங்கள்.

கனரக வாகன வரிக்கான 2290 படிவம்: 75,000 பவுண்டுக்கு மேற்பட்ட வகைக்கு ஆண்டுக்கு 550 டாலர். வரி ஆண்டு ஜூலையில் தொடங்குவதால், ஏற்கெனவே ஓடும் வண்டிக்கு ஆகஸ்ட் 31 கெடு. புது வண்டியென்றால் முதலில் சாலைக்கு வந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசி. வரி கட்டியதற்குச் சான்றான முத்திரையிட்ட அட்டவணை 1 கையில் இல்லாமல் நம்பர் பிளேட் நகராது. மாநில எரிபொருள் வரிக் கணக்கைப் பெரும்பாலும் கேரியர் தன் கணக்கிலேயே முடித்து, உங்கள் பங்கைப் பிடித்துக்கொள்வார்.

வரிச் சேமிப்பு ஆசையில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. தேய்மானக் கழிவு பெரிதுதான். ஆனால் தொழிலில் நீங்கள் போதிய அளவு நேரடியாக ஈடுபடாவிட்டால், அந்த நட்டத்தை உங்கள் சம்பளத்தில் கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. இன்னொரு பக்கம், எச்1பி விசாவில் இருப்பவர் முதலீடு செய்யலாம், தொழிலை நடத்தும் வேலை செய்யக் கூடாது. டிரைவரை நியமிப்பதும் தினமும் டிஸ்பேட்ச் பார்ப்பதும், அதாவது லோடுகளை ஒதுக்கி வண்டியை அனுப்புவதும், எந்தப் பக்கம் வரும் என்று குடிவரவு வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 5: டிரைவர்

டிரைவரை நியமிப்பது நீங்கள், தகுதி பார்ப்பது கேரியர். மத்திய விதிப்படி வண்டி ஓட்டும் நேரத்தில் அவர் கேரியரின் ஊழியராகவே கருதப்படுவார். அதனால் லைசென்ஸ் வரலாறு, மருத்துவச் சான்று, போதைப்பொருள் பரிசோதனை, 2020 ஜனவரியில் இருந்து நடப்பில் உள்ள போதை-மது மீறல் பதிவகச் சோதனை, முந்தைய மூன்று ஆண்டு முதலாளிகளிடம் விசாரணை எல்லாவற்றையும் கேரியர் முடித்துச் சம்மதம் சொன்ன பிறகே அவர் வண்டியில் ஏறலாம். மாநிலம் தாண்ட 21 வயது வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பது வழக்கம். ஆங்கிலத்தில் அதிகாரியோடு பேசவும் சாலைப் பலகைகளைப் படிக்கவும் முடியாத டிரைவரை 2025 ஜூன் 25 முதல் சாலைப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். உறவுக்காரப் பையன் என்று கூட்டிவரும் முன் இதை யோசியுங்கள்.

காகிதம் சொல்லாததை ஓட்டப் பரிசோதனை சொல்லும். அதிலும் வண்டி நகரும் முன் நடப்பதை நான் அதிகம் கவனிப்பேன். சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். நல்ல டிரைவர் முதலில் பானெட்டைத் திறப்பார், எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பார், பெல்ட்டை விரலால் அழுத்துவார், தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று குனிவார். முன் டயர் பள்ளத்தை அளப்பார். முன் டயருக்கு ஒரு அங்குலத்தில் 32-இல் 4 பங்கு, மற்றவற்றுக்கு 2 பங்கு குறைந்தபட்சம். டிரெய்லரை மாட்டிய பின் இறங்கி, டார்ச் அடித்து, ஐந்தாம் சக்கரம் எனும் இணைப்புத் தட்டின் தாடை, டிரெய்லரின் கிங்பின் எனும் கம்பியைச் சுற்றிப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி மெல்ல முன்னே இழுத்துச் சோதிப்பார். இது எதுவும் செய்யாமல் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்பவருக்கு நெடுஞ்சாலையில் எவ்வளவு திறமை இருந்தாலும் உங்கள் வண்டியைத் தர வேண்டாம்.

சம்பளத்தை 1099 முறையில், அதாவது ஊழியராக இல்லாமல் சுயேச்சை ஒப்பந்தக்காரராகக் காட்டி, கொடுத்தால் வரி மிச்சம் என்று பலர் சொல்வார்கள். உங்கள் வண்டியை, உங்கள் ஏற்பாட்டில், வேறு முதலீடு எதுவும் இல்லாமல் ஓட்டுபவர் ஏறக்குறைய எல்லா அளவுகோலிலும் ஊழியர்தான். ஊழியருக்கான டபிள்யூ-2 படிவமே கொடுங்கள், சமூகப் பாதுகாப்பும் மெடிகேரும் சேர்த்து முதலாளி பங்கு 7.65 சதவீதம். கலிஃபோர்னியாவில் ஏ.பி.5 சட்டம் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. டிரைவர் அடிபட்டுக் கிடக்கும் நாளில் 1099-இன் மிச்சமெல்லாம் ஒரே கடிதத்தில் போய்விடும்.

எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? டிரைவருக்கும் சதவீதம் கொடுத்தால், மலிவு லோடு வரும் வாரம் அவர் கோபம் உங்கள் மீதுதான் திரும்பும்; ரேட்டை முடிவு செய்வது நீங்கள் இல்லை என்பது அவருக்கு ஆறுதல் தராது. காலி, லோடு என்று பிரிக்காமல் எல்லா மைலுக்கும் ஒரே ரேட் கொடுங்கள். கேரியரிடம் இருந்து வரும் காத்திருப்புக் கட்டணத்தில் பெரும்பங்கை அவருக்கே விடுங்கள்; கிடங்கில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தவர் அவர். மைலேஜ் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மாதாந்திர ஊக்கத்தொகை. இந்தக் கடைசி விஷயம் செலவு இல்லை, முதலீடு. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 0.8 கேலன் எரியும். பத்து மணி நேரத் தூக்கத்துக்கு எட்டு கேலன். கோடையில் ஏசி இல்லாமல் தூங்கு என்று சொல்லவும் முடியாது. ஆகவே இன்ஜினை ஓட்டாமலே ஏசியை இயக்கும் துணை மின் யூனிட் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

செட்டில்மென்ட் தாமதமானாலும் சம்பளத் தேதி தவறக் கூடாது. வீட்டுக்குப் போகும் நாளாகச் சொன்ன நாளும் தவறக் கூடாது. டிரைவர் விட்டுப் போனால் அடுத்தவர் தகுதிச் சோதனை முடித்து ஏறும்வரை வண்டி நிற்கும். அந்த 590 டாலரை நினைவில் வையுங்கள். மைலுக்கு மூன்று சென்ட் கூட்டிக் கொடுப்பது வாரம் 72 டாலர்தான்.

படி 6: இப்போது டிரக்

கேரியர் தெரியும், எந்தப் பாதை, எந்த டிரெய்லர், எந்த டிரைவர் எல்லாம் தெரியும். இப்போது வண்டி தேர்ந்தெடுப்பது சுலபம். எத்தனை ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைச் சேர்க்க மாட்டோம் என்று கேரியர் சொல்லியிருப்பார். பாதை கலிஃபோர்னியா பக்கம் போனால் 2010 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் இன்ஜின் கட்டாயம்.

பழைய வண்டியில் ஓடோமீட்டரைவிட இன்ஜின் கணினியின் அறிக்கை அதிகம் பேசும். மொத்த ஓட்ட மணி, சும்மா நின்று ஓடிய மணி, பழைய கோளாறுக் குறியீடுகள் எல்லாம் அதில் இருக்கும். எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆகும் செலவு மிகக் குறைவு. கூலன்ட் எண்ணெயில் கலந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். புகை வடிகட்டியும், புகையைச் சுத்தம் செய்யும் திரவத்தைச் செலுத்தும் டி.இ.எஃப். அமைப்பும்தான் இன்றைய வண்டிகளை அதிகம் நிறுத்தும் இரண்டு இடங்கள், அவற்றின் பராமரிப்புச் சீட்டுகளைக் கேளுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம், உங்கள் மெக்கானிக் பார்க்கட்டும்.

முன்பணமாக எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். வண்டி ஓடத் தொடங்கும் முதல் நாளே ரிப்பேர் கணக்கில் 15,000 டாலராவது இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். பெரிய இன்ஜின் வேலை பல பத்தாயிரங்களில் போகும். கேரியர் நடத்தும் தவணைத் திட்டத்திலேயே வண்டியை எடுத்து அதே கேரியருக்கு லீஸ் விடும் ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். சண்டை வந்தால் உங்கள் வருமானம், வண்டி, எஸ்க்ரோ மூன்றும் ஒரே ஆளின் கையில் இருக்கும்.

படி 7: வாராவாரம்

செட்டில்மென்ட் வந்ததும் வங்கியில் விழுந்த தொகையை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு லோடு எண்ணுக்கும் நேராக: பில்லில் உள்ள வாடகை, உங்கள் சதவீதம், சர்சார்ஜ், காத்திருப்புக் கட்டணம். காத்திருப்புக்கு வழக்கமாக முதல் இரண்டு மணி நேரம் இலவசம். அதற்குப் பிறகானது வர, உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் சரக்குச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும், இதை டிரைவரிடம் சொல்லிவையுங்கள். கீழே பிடித்தங்களில், எரிபொருள் அட்டை வரிகளை வண்டி இருந்த இடத்தோடு பொருத்துங்கள். வண்டி ஒஹையோவில் இருந்த இரவில் டென்னஸியில் நூறு கேலன் போட்டிருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஏற்றுகூலியை டிரைவர் கட்டியிருந்தால் அது திரும்பி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ஒரு எண்ணைத் தொடர்ந்து எழுதி வாருங்கள்: லாபத்தை எல்லா மைலாலும் வகுத்தால் வரும் சென்ட். லோடு மைலால் வகுத்தால் காலி மைல் கண்ணுக்குத் தெரியாது.

டீசல் போடுவதில் ஒரு நுணுக்கம். எரிபொருள் வரி, வாங்கிய மாநிலத்துக்கு இல்லை, ஓடிய மாநிலத்துக்கு மைல் கணக்கில் போகிறது. ஆகவே பம்பில் மலிவாகத் தெரியும் மாநிலம் உண்மையில் மலிவு என்று சொல்ல முடியாது. பம்ப் விலையில் இருந்து அந்த மாநில வரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்தால் பல நாள் முடிவு மாறும்.

எண்ணெய் மாற்றுதல், கிரீஸ், டயர் காற்று இவற்றுக்கு டிரைவரை மட்டும் நம்பாமல் நாள்காட்டி வையுங்கள். ஆண்டுப் பரிசோதனை மத்திய விதி. சாலையில் டயர் வெடித்தால் உதவி வண்டிக்குக் கொடுக்கும் தொகையில் பணிமனையில் இரண்டு டயர் போடலாம்.

இரண்டாவது டிரக்? முதல் வண்டி ஒரு முழு ஆண்டு, பெரிய ரிப்பேர் ஒன்றையும் ஒரு டிரைவர் மாற்றத்தையும் தாண்டி, ரிப்பேர் கணக்கு காலியாகாமல் நின்றால் யோசிக்கலாம். அதற்கு முன் வாங்கினால் முதல் வண்டியின் பிரச்சினை இரண்டாகும்.

படி 8: கேரியரை விட்டு வெளியேறும்போது

நோட்டீஸ் எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். 30 நாள் வழக்கம். அடுத்த கேரியர் உங்கள் டிரைவரைத் தகுதி பார்த்து முடித்த பிறகே நோட்டீஸ் கொடுங்கள், இடைவெளி குறையும். கடைசி லோடு இறங்கியதும் அதன் காகிதங்களை அன்றே அனுப்பிவிடுங்கள், 15 நாள் கெடு அப்போதுதான் ஓடத் தொடங்கும். நம்பர் பிளேட் கேரியர் மூலம் வாங்கியதாக இருந்து, அதை அவர் வேறொரு ஓனருக்கு விற்றால், மீதமுள்ள காலத்துக்கான பங்கை உங்களுக்குத் திருப்ப வேண்டும்.

கேரியர் பெயரும் டி.ஓ.டி. எண்ணும் உள்ள ஸ்டிக்கர்கள், பெர்மிட்டுகளைக் கழற்றித் திருப்பித் தராமல் கடைசிப் பணம் தர மாட்டோம் என்று சொல்லக் கேரியருக்கு உரிமை உண்டு. ஆகவே கதவில் இருந்து எடுத்த இடத்தைப் படம் பிடித்து, கருவிகளைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது தொலைந்திருந்தால், வண்டியில் இருந்து அகற்றப்பட்டுவிட்டது என்று உறுதி சொல்லும் கடிதம் போதும். எஸ்க்ரோவுக்கு 45-ஆம் நாளைக் குறித்துவைத்து, அன்று வராவிட்டால் மறுநாளே விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.